ஓட்டோ லோவி

சந்தையிலிருந்து வாங்கிவரும் கத்தரிக்காய் பளபளப்பாக இருக்கிறது. கீரை பசுமையாக இருக்கிறது. கண்ணுக்கு இனிய இவற்றின்மீது பூச்சிமருந்து எஞ்சியிருக்கின்றதா, இல்லையா என்பதைப் பார்த்த அளவில் கூறுதல் யாருக்கும் இயலாது. முகர்ந்து பார்த்து அறிவோம் என்பது அறியாமை. சுவைத்துப் பார்த்து அறிவோம் என்பது ஆபத்து. ஆனால், விரலகலமே உள்ள மெல்லிய தகடு ஒன்று அதனை நமக்கு அறிவிக்க வல்லதாய் இருக்கின்றது. அத்தகட்டின் நுனியில் நொதி என்னும் உயிர்ப்பொருள் ஒன்று பூசப்பட்டுள்ளது. நஞ்சு தீண்டியவுடன் அந்நொதி செயலிழக்கின்றது. அது செயலிழப்பதை மின்னோட்டம் காட்டிக்கொடுக்கின்றது.

இவ்வரிய கருவிக்கு உயிராய் விளங்கும் நொதியின் இயல்பை ஆய்வினால் விளக்கிக் காட்டியவர் ஓட்டோ லோவி என்னும் பேரறிஞர். அவர் பூச்சிமருந்தைத் தேடியவர் அல்லர். கருவி செய்யப் புகுந்தவரும் அல்லர். தவளையின் இதயம் எவ்வாறு துடிக்கின்றது என்று அறிய விரும்பியவர். அவ்விருப்பம் எங்கெங்கே சென்று முடிந்தது என்பதை அவர் வரலாறு நமக்குக் காட்டும்.

இளமையும் கல்வியும்

ஜெர்மனி நாட்டில், மைன் ஆற்றங்கரையில் அமைந்த பிராங்பர்ட் நகரில், 1873-ஆம் ஆண்டு சூன் திங்கள் 3-ஆம் நாள் லோவி பிறந்தார். தந்தையார் யாக்கோபு லோவி திராட்சைமது வணிகர். குடும்பம் யூதக் குடும்பம். பள்ளியில் பயின்ற காலத்தில் இலத்தீன், கிரேக்கம் ஆகிய பழமொழிகளில் லோவி சிறந்து விளங்கினார். கணக்கிலும் பௌதிகத்திலும் பின்தங்கியே இருந்தார். பிற்காலத்தில் உலகம் போற்றும் விஞ்ஞானி ஆகப்போகின்றவர் இவர் என்று அன்று யாரும் கருதியிருக்க மாட்டார்கள்.

ஓவியம், சிற்பம் முதலிய கலைகளின் வரலாற்றைக் கற்க வேண்டும் என்பதே லோவியின் விருப்பம். மருத்துவம் பயில வேண்டும் என்பது குடும்பத்தாரின் விருப்பம். குடும்பத்தாரின் சொல்லுக்கு இணங்கி, 1891-இல் ஸ்திராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்தும் என்ன? மருத்துவ வகுப்புகளை விட்டுத் தத்துவ வகுப்புகளில் அமர்ந்து மகிழ்ந்தார். பின்னர், தம் கடமையை உணர்ந்து ஊன்றிப் படித்து, 1896-இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றபின் பிராங்பர்ட் நகர மருத்துவமனையில் பணியாற்றினார். அங்கே காசநோயாளரும், நுரையீரல் அழற்சியுற்றோரும் நாள்தோறும் மாண்டனர். அந்நோய்களுக்குத் தக்க மருந்து அக்காலத்தில் இல்லை. நோயாளியின் கட்டிலருகே நின்று, செய்வதறியாது திகைக்கும் நிலை லோவியின் உள்ளத்தை வருத்தியது. மருந்து எது, அஃது உடலில் எவ்வாறு வேலை செய்கின்றது என்பதை ஆராய்வதே தமக்கு ஏற்ற பணி எனத் துணிந்தார். 1898-இல் மார்பர்க் நகரில் ஹான்ஸ் மேயர் என்னும் மருந்தியல் பேராசிரியரிடம் உதவியாளராய் அமர்ந்தார்.

1902-இல் இங்கிலாந்து சென்றபொழுது, ஹென்றி டேல் என்னும் இளைஞரோடு நட்புக் கொண்டார். வாழ்நாள் முழுவதும் அந்நட்பு வளர்ந்தது. 1908-இல் கிடா கோல்டுஷ்மீட் என்னும் நங்கையை மணந்தார். மறு ஆண்டில், ஆஸ்திரியா நாட்டின் கிராஸ் நகரப் பல்கலைக்கழகம் அவரை மருந்தியல் பேராசிரியராக ஏற்றுக்கொண்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்நகரமே அவருடைய வாழ்விடமாயிற்று.

இரண்டு தவளை இதயங்கள்

நரம்பு ஒன்று தசைக்கோ இதயத்துக்கோ கட்டளை இடுகின்றது. அக்கட்டளை நரம்பின் வழியே மின் அதிர்வாய்ச் செல்வதை அறிஞர் அறிந்திருந்தனர். ஆனால், நரம்பு முடியும் இடத்தில் அஃது எவ்வாறு உறுப்பைச் சென்றடைகின்றது? மின்பொறியே தாவிச் செல்கின்றது என்றனர் பெரும்பாலோர். நரம்பின் நுனியில் ஏதேனும் ஓர் இரசாயனப் பொருள் சுரந்து, அதுவே தூதாய்ச் செல்லக்கூடுமோ என்னும் எண்ணம் லோவிக்கு 1903-ஆம் ஆண்டளவிலேயே தோன்றியது. அதனைச் சோதிக்கும் வழி தெரியாமையால் அவ்வெண்ணம் மறதியில் ஆழ்ந்தது.

ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் கழிந்தன. ஈஸ்டர் திருநாளை ஒட்டிய ஓர் இரவில், உறக்கத்தினிடையே ஒரு சோதனை முறை லோவியின் கனவில் தோன்றியது. விழித்தெழுந்து, விளக்கேற்றி, ஒரு சிறு தாளில் குறித்துவிட்டு மீண்டும் உறங்கினார். காலையில் அத்தாளை எடுத்துப் பார்த்தால், கிறுக்கலாய் இருந்த எழுத்துகளை அவராலேயே படிக்க முடியவில்லை! பகல் முழுவதும் முயன்றும் கனவு நினைவுக்கு வரவில்லை. அடுத்த இரவு மூன்று மணிக்கு அதே கனவு மீண்டும் வந்தது. இம்முறை அவர் தாளைத் தேடவில்லை. நேரே ஆய்வுக்கூடத்துக்கு விரைந்தார்.

இரண்டு தவளைகளின் இதயங்களைத் தனித்தனியே எடுத்தார். உடலினின்று நீக்கிய பின்னரும் தவளையின் இதயம் தகுந்த உப்புக் கரைசலில் நெடுநேரம் துடிக்கும் இயல்புடையது. முதல் இதயத்தோடு வேகஸ் என்னும் நரம்பு இணைந்திருந்தது. இரண்டாவது இதயத்துக்கு நரம்பு இல்லை. முதல் இதயத்தின் நரம்பை மின்னால் தூண்டியவுடன் அதன் துடிப்புத் தளர்ந்தது. அவ்விதயத்தில் இருந்த உப்புக் கரைசலை எடுத்து இரண்டாவது இதயத்துக்குள் செலுத்தினார். என்ன வியப்பு! நரம்பே இல்லாத அவ்விதயமும், தன் நரம்பு தூண்டப்பெற்றாற்போலத் துடிப்புத் தளர்ந்தது. இதயத்தை விரைவுபடுத்தும் நரம்பைத் தூண்டி அக்கரைசலை மாற்றியபொழுது, இரண்டாவது இதயமும் விரைந்து துடித்தது. மின்பொறி கரைசலில் ஏறிப் பயணம் செய்ய இயலாது. ஆகவே, நரம்பின் கட்டளையை எடுத்துச் செல்வது ஓர் இரசாயனத் தூதே என்பது உறுதியாயிற்று.

1921-இல் இவ்வாய்வு அச்சில் வெளிவந்தது. பலர் நம்பவில்லை, சிலர் செய்து பார்த்துத் தோல்வியுற்றனர். 1926-இல் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய அறிஞர் பேரவையில், எல்லோரும் காண, ஒரே இதயத்தில் பதினெட்டு முறை லோவி அச்சோதனையை வெற்றியுடன் செய்துகாட்டினார். ஐயம் படிப்படியாய் அகன்றது.

தூதை அழிக்கும் நொதி

லோவி அவ்வளவில் அமையவில்லை. வேகஸ் நரம்பின் தூதுப்பொருள் இதயத்தில் நெடுநேரம் நிலைப்பதில்லை, விரைவில் மறைந்துவிடுகின்றது. அது மறையும் காரணம் யாது? தம்முடன் பணிபுரிந்த நவ்ராட்டில் என்பாருடன் சேர்ந்து இவ்வினாவை ஆராய்ந்தார். இதயத்திலேயே ஒரு நொதி உண்டு என்றும், அந்நொதியே தூதுப்பொருளைச் சிதைக்கின்றது என்றும் 1926-இல் கண்டார். அசெட்டைல்கோலின் என்பது அத்தூதுப்பொருளின் பெயர். அதனை அசெட்டிக் அமிலமாகவும் கோலினாகவும் பிளக்கும் நொதியை அசெட்டைல்கோலினெஸ்டரேஸ் என இன்று வழங்குகின்றோம். அதன் ஒரு மூலக்கூறு ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான அசெட்டைல்கோலின் மூலக்கூறுகளைப் பிளக்க வல்லது.

மற்றோர் உண்மையும் அவ்வாய்வில் வெளிப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்காவில் காலபார் அவரை என்னும் நச்சு விதை உண்டு. முற்காலத்தில் குற்றம் சாட்டப்பட்டோர்க்கு அதனை ஊட்டி, பிழைத்தவர் நிரபராதி, மாண்டவர் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கும் கொடிய வழக்கம் அங்கே இருந்தது. அவ்விதையிலிருந்து எடுக்கப்படும் ஈசரின் என்னும் பொருள், தூதை அழிக்கும் நொதியைச் செயல்படாமல் தடுத்துவிடுகின்றது என்பதை லோவி கண்டறிந்தார். மிகச் சிறிதளவு ஈசரினே இதற்குப் போதுமானதாய் இருந்தது. மிகச் சிறிதளவு நஞ்சைக்கூட உணரும் நுட்பம் அந்நொதிக்கு உண்டு என்பதை இதனால் நாம் அறியலாம். பிற்காலக் கருவிக்கு விதை இங்கேதான் ஊன்றப்பட்டது.

இவ்வரிய பணிகளுக்காக 1936-இல் லோவிக்கும் அவர் நண்பர் டேலுக்கும் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்து அளிக்கப்பட்டது.

சிறையும் நாடுகடப்பும்

புகழின் உச்சியில் இருந்த லோவிக்குத் துன்பம் காத்திருந்தது. 1938-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஹிட்லரின் படைகள் ஆஸ்திரியாவைக் கைக்கொண்டன. யூதராய்ப் பிறந்தது ஒன்றே அவர் செய்த குற்றமாயிற்று. அன்றிரவே ஆயுதம் தாங்கிய இளைஞர்கள் அவருடைய படுக்கையறைக்குள் புகுந்து அவரைச் சிறைக்கு இழுத்துச் சென்றனர். அவர் மைந்தருள் இருவரும் சிறைப்பட்டனர். அப்பொழுது லோவிக்கு வயது 64.

எந்நேரமும் கொல்லப்படலாம் என்னும் நிலையில், அவர் நெஞ்சை வாட்டியது ஒரு கவலையே. தாம் இறுதியாகச் செய்த ஆய்வின் முடிவு வெளியாகாமல் தம்மோடு அழிந்துவிடுமே என்பதுதான் அது. காவலர் ஒருவரை வேண்டி ஓர் அஞ்சலட்டையும் எழுதுகோலும் பெற்றார். ஆய்வின் முடிவை அதில் எழுதி, ஓர் அறிவியல் இதழுக்கு அனுப்பச் செய்தார். அஞ்சலட்டை கைவிட்டுச் சென்றபின்னரே அவர் உள்ளம் அமைதி பெற்றது. உயிருக்கு அஞ்சாது உண்மைக்கு அஞ்சிய அவ்வுள்ளத்தின் உயர்வுதான் என்னே!

இரண்டு திங்களுக்குப்பின் விடுதலை கிடைத்தது. ஆனால், ஸ்டாக்ஹோம் வங்கியில் இருந்த நோபல் பரிசுத் தொகையை நாஜிகள் குறித்த வங்கிக்கு மாற்றித் தருமாறு அவரைக் கட்டாயப்படுத்தினர். பரிசும் பொருளும் இழந்து, வெறுங்கையராய் அவர் நாட்டை விட்டு வெளியேறினார். மனைவியார் உடன்செல்ல அப்பொழுது இசைவு கிடைக்கவில்லை. லண்டன், பிரஸ்ஸல்ஸ், ஆக்ஸ்போர்டு எனப் பல ஊர்களில் தங்கி, 1940-இல் நியூயார்க் சேர்ந்தார். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி அவரை ஆராய்ச்சிப் பேராசிரியராக ஏற்றது. மறு ஆண்டு மனைவியாரும் வந்து சேர்ந்தார். ஓய்வுபெறும் வயதில் வாழ்வைப் புதிதாய்த் தொடங்கிய அப்பெரியார், இளைஞரோடு அளவளாவி மகிழ்ந்து, 1961-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 25-ஆம் நாள் தம் 88-ஆம் வயதில் மறைந்தார்.

அறிவு நஞ்சான கதை

லோவி நோபல் பரிசு பெற்ற அதே 1936-ஆம் ஆண்டில், ஜெர்மனியில் கெர்ஹார்டு ஷ்ராடர் என்னும் வேதியியலார் புதிய பூச்சிமருந்துகளைத் தேடிக்கொண்டிருந்தார். பாஸ்பரஸ் கலந்த கரிமச் சேர்மங்கள் பூச்சிகளை விரைவில் கொல்வதை அவர் கண்டார். அவற்றுள் ஒன்று மனிதரையும் கொல்லும் கொடுநஞ்சாய் இருந்தது. டபுன் எனப் பெயர் பெற்ற அதனைப் போர்க்கருவியாக்க இராணுவத்தார் முனைந்தனர். பாரத்தியான் முதலிய பூச்சிமருந்துகளும் இவ்வாராய்ச்சியின் வழி வந்தவையே. ஈசரினை ஒத்த அமைப்புடைய கார்பமேட்டு மருந்துகளும் பின்னர்த் தோன்றின.

இந்நஞ்சுகள் எவ்வாறு கொல்கின்றன? லோவி கண்ட நொதியைத் தாக்கியே கொல்கின்றன. தபால்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டுச் செல்லாமல், வாயிலிலேயே நின்று ஓயாமல் கதவைத் தட்டிக்கொண்டிருந்தால் வீடு என்ன பாடுபடும்? நொதி செயலிழந்தபின் அசெட்டைல்கோலின் அகலாமல் நின்று, தசைகளையும் சுரப்பிகளையும் ஓயாது தூண்டுகின்றது. கண்ணீரும் எச்சிலும் பெருகும், கண்மணி சுருங்கும், தசைகள் துடித்துத் தளரும், இறுதியில் மூச்சு நிற்கும். பூச்சிக்கும் மனிதனுக்கும் இந்நொதி பொதுவானது. ஆதலின், பூச்சிக்கு வைத்த நஞ்சு மனிதனையும் தாக்குகின்றது.

இதன் கொடுமையை நம் நாடும் கண்டது. 1958-இல் பாரத்தியான் கலந்துவிட்ட கோதுமை உணவை உண்டு, கேரளத்திலும் சென்னை இராச்சியத்திலும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரத்தை ஒட்டி அமைந்த விசாரணையின் பயனாகவே 1968-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டம் பிறந்தது. சட்டம் வந்த பின்னும் துயரம் தீரவில்லை. 2013-இல் பீகார் மாநிலத்தில் பள்ளி மதிய உணவில் மானோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து கலந்தமையால் 23 குழந்தைகள் உயிரிழந்தனர். உண்ணுமுன் அறிந்திருந்தால் அவ்வுயிர்கள் பிழைத்திருக்குமன்றோ!

நொதி காவலான கதை

நஞ்சு எந்த நொதியைத் தாக்குகின்றதோ, அந்த நொதியையே காவலாக நிறுத்தலாம் என்னும் கருத்து அறிஞர்க்கு உண்டாயிற்று. லோவி மறைந்த அடுத்த ஆண்டாகிய 1962-இல், அமெரிக்க வேதியியலார் கில்பால்ட்டும் அவர்தம் துணைவரும், அந்நொதியின் செயலை மின்முறையால் அளந்து பாஸ்பரஸ் நஞ்சுகளைக் கண்டறியும் வழியை வெளியிட்டனர். அதே ஆண்டில் லேலண்டு கிளார்க்கு என்பவரும் அவர் துணைவரும், நொதியை மின்வாயின்மீது அமைத்துக் குளுக்கோசை அளக்கும் முறையை எடுத்துரைத்தனர். இரத்தத்தில் சர்க்கரையின் அளவைக் காண இன்று வீடுகளில் பயன்படும் சிறு கருவி அவ்வழி வந்ததே. பயோசென்சர் எனப்படும் உயிரி உணரி இவ்வாறு வளர்ந்தது.

பூச்சிமருந்தைக் காணும் உணரி வேலை செய்யும் முறை எளியது. மெல்லிய தகட்டில் கரியால் ஆகிய மின்வாய் அச்சிடப்பட்டிருக்கும். அதன்மீது நொதி நிலையாய்ப் பதிக்கப்பட்டிருக்கும். மின்விலாங்கு என்னும் மீனிலிருந்தும், பழ ஈயின் நொதியை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியும் இந்நொதியைப் பெறுகின்றனர். அசெட்டைல்தயோகோலின் என்னும் பொருளின் கரைசலை அத்தகட்டில் இட்டால், நொதி அதனைப் பிளந்து தயோகோலினை விடுவிக்கும். தயோகோலின் மின்வாயில் எலெக்ட்ரான்களை இழக்கும்; மின்னோட்டம் எழும். முதலில் அம்மின்னோட்டத்தை அளந்துகொள்வர். பின்னர், சோதிக்க வேண்டிய நீரிலோ, காயிலிருந்து வடித்த சாற்றிலோ தகட்டைச் சில நிமிடம் வைத்திருந்து, மீண்டும் அளப்பர். முதலில் 10 மைக்ரோ ஆம்பியராய் இருந்த மின்னோட்டம் பின்னர் 6 ஆகக் குறைந்தது எனக் கொள்வோம். நொதியின் செயலில் நூற்றுக்கு 40 பங்கு தடைப்பட்டது என்பது இதன் பொருள். தடை மிகுதியானால் நஞ்சும் மிகுதி என அறிவர். நஞ்சில்லா நீரில் வைத்த மற்றொரு தகட்டின் அளவோடு ஒப்பிட்டுப் பிழையை நீக்குவர்.

இக்கருவிக்குக் குறைகளும் உண்டு. நஞ்சு உண்டு என்று கூறுமேயன்றி, அஃது இன்ன நஞ்சு எனப் பெயரிட்டுக் கூறாது. சில உலோகங்களும் நொதியைத் தடுத்துப் பொய்யான அறிகுறி காட்டும். பாரத்தியான் போன்ற மருந்துகள், தம் கந்தகத்தின் இடத்தில் ஆக்சிஜன் புகுந்து மாறிய பின்னரே நொதியை வலிமையாய்த் தாக்கும். ஆகையால் முதலில் அவற்றை அவ்வாறு மாற்றியே சோதிக்க வேண்டும். வெப்பம் மிகுந்தால் நொதியும் கெடும். எனவே, ஐயத்துக்கு உரியதை இக்கருவியால் விரைவில் பிரித்தெடுத்து, முடிந்த முடிபைப் பெரிய ஆய்வுக்கூடத்துக் கருவிகளால் பெறுவதே முறை. பல நாள் செலவிட்டுக் காண்பதை, வயலோரத்திலேயே சில நிமிடங்களில் எச்சரிப்பது இதன் சிறப்பு.

முடிவுரை

மாணவர்களே! தவளை இதயம் ஏன் தளர்ந்தது என்று ஒருவர் வினவினார். அவ்வினாவிலிருந்து பிறந்த அறிவு உண்மையை விளக்கியது. அழிக்கும் வேதியியல் அதே நொதியைக் குறிவைத்தது. காக்கும் வேதியியல் அதே நொதியைக் காவலாய் நிறுத்தியது. நொதி ஒன்றே, அதனைக் கையாளும் மனிதரின் நோக்கமே வேறு. உணரி நஞ்சை அறிவிக்கும். ஆனால், அளவோடு தெளிப்பதும், தெளித்தபின் குறித்த நாள் கழியுமுன் அறுவடை செய்யாமையும், நஞ்சுப் புட்டியை உணவுப்பொருளின் அருகே வையாமையும் மனிதரின் கடமைகள். சிறையின் இருளிலும் தாம் கண்ட உண்மையை ஓர் அஞ்சலட்டையில் எழுதி உலகுக்கு அனுப்பினார் லோவி. அறிவை மறைத்தலாகாது என்று அவர் வாழ்ந்துகாட்டினார். அதனை நன்மைக்கே பயன்படுத்துதல் நம் பொறுப்பாகும்.